இரண்டும் பச்சைதானே

என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார். பார்ப்பவர்கள், பாவம், இந்த மனுஷன் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் தானும் குனிந்து தேடவே ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமாகவும் இருந்தது. இதே மனுஷன்தான் முன்பெல்லாம் தலையை நிமிர்த்திச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தவர். எந்தச் சுவரில் புதிதாகப் பூசிய இடம் எது, பழைய இடம் எது என்று தெருவில் நின்றபடியே உரக்கச் சொல்லி, அந்தந்த வீட்டுக்காரர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டவர்.

அவருடைய வேலை அப்படி. பெயர்ப் பலகை, வழிகாட்டும் அம்புக்குறி, கடை முகப்பு எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் அவர் டிசைனர். எழுத்தை மற்றவர்கள் பார்ப்பார்கள். நிறம் என்று வந்தால் இவர்தான். நூற்றுக்கணக்கான நிறங்களோடு விசிறி மாதிரி விரிகிற ஷேடு கார்டு ஒன்று பையில் எப்போதும் இருக்கும். சாவியை மறந்து போவார், கைபேசியை மறந்து போவார், அதை மட்டும் மறக்க மாட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். எனக்குப் பச்சை என்றால் பச்சை, நீலம் என்றால் நீலம். இரண்டுக்கும் நடுவே குடியிருப்பவர்களை நான் விசாரித்ததில்லை. கல்யாணமான புதிதில் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டு துணியை எடுத்துப் போட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே, எதையாவது எடுத்துட்டுப் போகலாம்," என்றேன்.

"ஒண்ணா?" என்று என்னைப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. "இது பால் வெள்ளை. அது சுண்ணாம்பு வெள்ளை. ரெண்டையும் ஒரே ரூம்ல மாட்டினா மனுஷன் குடியிருக்க முடியுமா?"

இரண்டையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கே போய் வெயிலில் விரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பார்க்காத நிறம் நிறமே இல்லை என்பது அவருடைய வேதம். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்கம்மா பிடிச்சீங்க இவரை?" என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிறம் சம்பந்தப்பட்ட எதிலும் எனக்கு வாய் கிடையாது. மீறிப் பேசினால், "கணக்கு டீச்சருக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய இந்தத் தொல்லையைச் சிரித்த முகத்தோடு தாங்கிக்கொண்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் மாஸ்டர். இன்னொருவர் அவருடைய வீட்டம்மா. பட்டன் கட்டுவது, கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அந்த அம்மாதான். அதனால் தெருவுக்கே அவர் பட்டன் அக்கா. கடை என்பது ஒரு மெஷின், ஒரு வெட்டும் மேசை, அதற்கு மேலே தொங்கும் ஒற்றை மஞ்சள் பல்பு, அவ்வளவுதான். பின்னால் ஓர் அறை, அதில்தான் குடித்தனம். மகன் வெளியூரில் வேலையாக இருந்தான்.

ஒரு தடவை இவர் ஒரு கால்சட்டையைத் தைக்கக் கொடுத்து வாங்கி வந்து, உடனே திருப்பிக்கொண்டு போனார். துணி நிறம் வேறாம், நூல் நிறம் வேறாம். மாஸ்டர் முகம் சுளிக்காமல் தையலைப் பிரித்து வேறு நூலில் தைத்துக் கொடுத்தார். இவர் மறுபடியும் கொண்டு போனார். நான் வெட்கம் தாங்காமல் கூடவே போனேன்.

"மாஸ்டர், இது ஒரு ஷேடு கூட. இன்னும் கொஞ்சம் மங்கலா வேணும்."

"இந்த ஷேடு, அந்த ஷேடுன்னு இவர் ஒரு நாள் நம்ம உயிரை வாங்கப்போறார் பாருங்க," என்று பட்டன் அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரித்தார். "தம்பி, இனிமே உங்க பேரே ஷேடுதான்."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தெருப் பிள்ளைகள் ஷேடு மாமா என்றார்கள். என் தம்பி போனிலேயே, "ஷேடு மாமா இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தான். உயிரை வாங்கப்போறார் என்று பட்டன் அக்கா அன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வார்த்தையை நான் இங்கே எழுதியிருக்கவே வேண்டாம். ஆனால் என் வீட்டுக்காரர் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. அதனால் எழுதினேன்.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டினார்கள். உள்ளே வழிகாட்டும் வேலை முழுவதும் இவருடைய அலுவலகத்துக்கு வந்தது. வாசலில் இருந்து நான்கு பிரிவுகளுக்கு நான்கு கோடுகள் தரையிலேயே ஓட வேண்டும். நிறம் நிறமாக வினைல் என்கிற பிளாஸ்டிக் பட்டை ஒட்டுவது. படிக்கத் தெரியாதவர்கூட அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம். கட்டிடப் பொறியாளர், "சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, முடிஞ்சது வேலை," என்றாராம். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஆஸ்பத்திரியா, பொம்மைக் கடையா? வர்றவன் ஏற்கனவே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றான். அவன் காலுக்கடியில சிவப்பை ஓட விடணுமா?" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினார்.

நியாயமான கோபம்தான். அதை இன்றைக்கும் சொல்வேன். நோயாளிகளின் மனம் பதறக் கூடாது என்றுதான் அவர் பார்த்துப் பார்த்து எடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஷேடு கார்டைப் புரட்டிக்கொண்டே கிடந்தார். கடைசியில் நான்கு பட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தார். சந்தனம், வெளிர் ஊதா, மயில்கழுத்து, கடல்பச்சை. நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றோடொன்று அத்தனை இணக்கமாக இருந்தன.

"அழகா இருக்கு," என்றேன். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. "ஆனா இந்தக் கடைசி ரெண்டும் பச்சைதானே?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது நீல வம்சம்டி. அது பச்சை வம்சம். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. உனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

மறுநாள் அலுவலகத்திலும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அங்கே யாரும், உங்கள் வீட்டம்மாவுக்கு ஒன்றாகத் தெரிந்தால் வேறு பத்துப் பேருக்கும் அப்படித் தெரியுமே என்று கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாத விஷயத்தில் எத்தனை தடவைதான் மூக்கறுபடுவது?

கட்டிடத்திலும் கொண்டு போய் வைத்துப் பார்த்தார். அப்போது கோடுகள் ஓடப்போகும் வராந்தாவின் ஒரு பக்கத்துக்குச் சுவரே எழும்பவில்லை. வெயில் உள்ளே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் இரண்டாகப் பளிச்சென்று தெரிந்தன என்றார். கோடுகள் ஒட்டி முடிந்ததும் எடுத்த படத்தை அலுவலகத்தின் முன்னறையில் பெரிதாக மாட்டினார்கள். என்னையும் கூட்டிப் போய்க் காட்டினார். படத்துக்குக் கீழே அவர் நின்ற நிற்பைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போயிருக்கும். பட்டன் அக்காவுக்கு மூச்சுத் திணறல் என்று அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த மறுநாள் காலையில் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனபோது மாஸ்டர் அந்தப் பின்னறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடமும் சொன்னார்.

"உள்ள யாரையும் விடல. முன் ஹால்ல உக்காருன்னாங்க. காலைல ஒரு வாய் டீ குடிக்கலாம்னு வாசலுக்கு வந்தேன்மா. நர்ஸ் போன் பண்ணிச்சு. 'அம்மா உங்களைக் கேக்கறாங்க, உடனே வாங்க'ன்னுச்சு. முந்தின நாள் ஸ்ட்ரெச்சர் பின்னாடி ஓடினப்ப வழியை யார் பாத்தா? எப்படி வரணும்னு கேட்டேன். 'பச்சைக் கோட்டைப் பிடிச்சு நேரா வாங்க'ன்னுச்சு. குனிஞ்சு பாத்தேன். பச்சைக் கோடு இருந்துச்சு. அதைப் பிடிச்சு ஓடினேன்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முழங்கால் என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. அதை அவர் மெல்ல இழுத்துக்கொண்டார்.

"வராந்தா, சரிவு, அப்புறம் பின்கட்டு. ஓடுறேன், ஓடுறேன். கோடு போய் ஒரு கதவுகிட்ட நின்னுச்சு. அங்க எல்லாரும் கையில கால்ல மாவுக்கட்டோட உக்காந்திருக்காங்க. 'இது எலும்புப் பிரிவுங்க, நீங்க போக வேண்டியது பக்கத்துக் கோடு'ன்னார் ஒருத்தர். மறுபடியும் வாசலுக்கு ஓடி வந்து..." அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, "ரெண்டு தடவை கேட்டாளாம். 'அவர் வந்துட்டாரா'ன்னு," என்றார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா நூலையும் துணியையும் சேத்துவெச்சுப் பாத்த கண்ணு. வேணுங்கற நேரத்துல என்னைக் கவுத்துருச்சு." பிறகு என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா இருந்தா பாத்த உடனே கண்டுபிடிச்சிருப்பீங்க, ஷேடு."

இவர் கையை உருவிக்கொள்ளவில்லை. இவர் பலகை எழுதும் கம்பெனியில் வேலை செய்கிறார் என்பது தெருவுக்குத் தெரியும். எந்தப் பலகை, எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அது நான் போட்ட கோடு," என்றார்.

"தெரியும்," என்றேன்.

இரண்டும் பச்சைதானே என்று அன்றைக்கே சொன்னேனே என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டேன். அவருடைய முகத்தைப் பார்த்தால், அந்த வார்த்தையை அவரே தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அடுத்து வந்த விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெயில் வந்து கொட்டிய அந்தத் திறந்த பக்கத்தை இப்போது சுவர் வைத்து அடைத்து, மருந்துக் கடையாக்கி இருந்தார்கள். வராந்தாவில் பகலிலும் மஞ்சள் விளக்குகள்தான். நான்கு கோடுகளும் சேர்ந்தே ஓடிவந்து ஓரிடத்தில் பிரிகின்றன. சந்தனமும் ஊதாவும் இடது பக்கம் திரும்புகின்றன. மயில்கழுத்தும் கடல்பச்சையும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே போய், பிறகு ஒன்று நேராகவும் இன்னொன்று வலது பக்கமாகவும் போகின்றன. நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். வயதானவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார்கள். குனிந்தார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கினார்கள். ஒரு பெரியவர் செருப்பு நுனியால் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார், அழுக்குப் போனால் நிறம் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். "இங்க எல்லாரும் நிக்கறாங்களே, ஏங்க?"

"அதை ஏன்மா கேக்கறீங்க. ரெண்டும் ஒரே கலர். எவனோ அறிவாளி போட்டு வெச்சிருக்கான். நான் இருந்தா சொல்லிடுவேன். டீ குடிக்கப் போனேன்னு வைங்க, அவங்க பாடு திண்டாட்டம்தான்."

அறிவாளி எழுந்து ஆஸ்பத்திரிக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகும், அப்போது நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று மயங்கும் என்று அவர் எனக்கே முன்பு சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்த தப்பில்லை. தன் கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகென்ன என்ற நினைப்பில் செய்த தப்பு. அதுதான் அவரைத் தின்றது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கக்கூட அவருக்கு வழியில்லை.

அலுவலகத்தில் போய்க் கோட்டை மாற்ற வேண்டும் என்றார். முதலாளி, "யாரும் புகார் பண்ணலையே. நீங்களே ஏன் வம்பை விலைக்கு வாங்கறீங்க?" என்றார். இவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டி, ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நடையாய் நடந்து, எப்படியோ சம்மதிக்கவைத்தார். புது நிறம் எடுக்கும் நாளில் ஷேடு கார்டை என் மடியில் வைத்தார்.

"நீயே எடு."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதானேங்க," என்றேன். கொஞ்சம் குத்திப் பார்க்கத்தான் சொன்னேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"அதனாலதான் கேக்கறேன்," என்றார்.

நான் சிவப்பு, மஞ்சள், கருநீலம், பச்சை எடுத்தேன். பொறியாளர் முதலில் சொன்னதேதான், நீலத்தைக் கொஞ்சம் அழுத்தமாக்கியிருந்தேன். கோட்டின் மேலேயே இடைவெளி விட்டு விட்டுப் பிரிவின் பெயரையும் பெரிதாக எழுதவைத்தேன். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. பொம்மைக் கடைதான். ஆனால் யாரும் அந்தத் திருப்பத்தில் நிற்கவில்லை. பழைய பட்டையை உரிக்க ஆள்கள் இருந்தும் இவரே முட்டிபோட்டு உட்கார்ந்து நகத்தால் உரித்தார். மயில்கழுத்திலும் கடல்பச்சையிலும் மீந்திருந்த ரோலில் நிறத்துக்கு ஒரு துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

கோட்டை மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தார் போல. தீரவில்லை.

மாஸ்டர் கடையைத் திறந்தார். ஆனால் வாசலில் ஓர் அட்டை தொங்கியது: வெள்ளைத் துணி மட்டும் தைக்கப்படும். கலர் துணியோடு வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். "என் கண்ணை நானே நம்பலைங்க. உங்க துணியைக் கெடுத்துட்டா?" என்றார். பள்ளிச் சட்டை, நர்ஸ் உடுப்பு, தலையணை உறை இவற்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஒரு தையல்காரர் வண்டியை ஓட்ட முடியும்? மெஷின் பாதி நாள் உறை போட்டே கிடந்தது.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வேலை முடிந்ததும் நேராக மாஸ்டர் கடைக்குப் போய், நூல் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஷேடு வாரியாக அடுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். வெளிர் ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம். ஒவ்வொரு டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டினார். "இதைப் பாத்து எடுங்க மாஸ்டர், கலர் துணியும் தைக்கலாம்," என்று கெஞ்சினார். மாஸ்டர் கேட்டுக்கொள்வார், டப்பாவைத் தொட மாட்டார். இவர் அடுக்கி முடித்தவற்றையே கலைத்து மறுபடியும் அடுக்குவார். தெருவில் எல்லோரும், "சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான்," என்றார்கள். அதைக் கேட்கும்போது அவர் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன்.

ஒரு நாள் மாஸ்டர் அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை. காசு வேண்டாம் என்றுவிட்டார். "அவ போனப்புறம் எனக்கு இருக்கறது நீங்கதான், ஷேடு," என்றாராம். அந்தச் சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நூல் அடுக்கினா சரியாப் போயிடுமா?" என்றேன். "அந்த மனுஷன் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். நீங்க அந்த மண்ணை ஷேடு பிரிச்சுக் குடுத்துட்டு இருக்கீங்க."

"சொன்னா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டார்டி."

"முழிக்க வேண்டாம். அவர் மூஞ்சியை அவராவது கண்ணாடில பாத்துக்கட்டும்."

திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கோழை என்று அன்றைக்கு நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். அதை இன்னும் திருப்பி வாங்கவில்லை.

நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று பல தடவை செருப்பை மாட்டியிருக்கிறேன். ஆனால் அது அவர் வாயால் வரவேண்டிய வார்த்தை. நான் சொன்னால் அது வம்பு பேசுவதாகிவிடும்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மாஸ்டரின் மகன் வந்து அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தான். அன்று மதியம் குடையை மடக்கிக்கொண்டு மாஸ்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இவரும் வீட்டில்தான் இருந்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம்," என்றார் மாஸ்டர், உட்காராமலே. "இந்த வயசுக்கு எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான் இருக்காம். கோளாறு ஒண்ணும் இல்லையாம்."

"நல்லதாப் போச்சு அண்ணே," என்றேன்.

"எங்கம்மா நல்லது?" அவர் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. "கண்ணு நல்லா இருந்தா, அப்புறம் எப்படித் தப்பாப் போனேன்? இத்தனை நாள் கண்ணு மேல பழியைப் போட்டுட்டு இருந்தேன். கண்ணுல கோளாறு இல்லைன்னா, எங்கிட்டதான் கோளாறு. அவ போறதைப் பாக்கப் பயந்துக்கிட்டு, வேணும்னேதான் நான் அந்தப் பக்கம் ஓடியிருக்கேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"மெஷினை வித்துடலாம்னு இருக்கேன். பையன் கூடவே போயிடறேன். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெருவைக் கடந்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்தார். குடைகூட எடுக்காமல் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு.

கடையில் மாஸ்டர் அப்போதுதான் பல்பைப் போட்டார். மழை இருட்டில் அந்த ஒரே வெளிச்சம்தான். இவர் சொட்டச் சொட்ட வெட்டும் மேசைக்கு முன்னால் நின்று, இரண்டு துண்டுகளையும் அதன்மேல் வைத்தார்.

"என்ன ஷேடு இது?"

"ஆஸ்பத்திரித் தரையில இருந்த கோடு, மாஸ்டர்."

மாஸ்டர் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இதை நான்தான் போட்டேன். நான்தான் கலர் எடுத்தேன். சிவப்பும் பச்சையுமா போடச் சொன்னாங்க. அழகா இல்லைன்னு நான்தான் வேண்டாம்னேன். இவகூட ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு சொன்னா. நான் சிரிச்சேன். உங்க கண்ணு தப்பு பண்ணல. மனசும் தப்பு பண்ணல. அந்த வெளிச்சத்துல யாருக்கும் தெரியாது. நிறைய பேர் அங்க நிக்கறதை நானே பாத்தேன். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு சொல்லல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவருடைய மூக்கு நுனியிலிருந்து மழைத் தண்ணீர் மேசையில் சொட்டியது. வெட்டுவதற்காக விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணி நனையாமல் இருக்க, மாஸ்டர் அதை மட்டும் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழகிய கை, அதுவாகச் செய்தது. அவர் கத்துவார், வெளியே போ என்பார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"நூல் அடுக்கினது இதுக்குத்தானா?" என்றார் மாஸ்டர்.

இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மாஸ்டர் அந்த இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்தார். வெயிலில் நிறம் பார்க்கும் பழக்கதோஷத்தில் கடை வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் வெளிச்சமில்லை, மழைதான். திரும்பவும் பல்புக்கு அடியில் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல எது அவ இருந்த பக்கம் போறது?" என்று கேட்டு, இரண்டையும் இவரிடம் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் வாங்கினார். கையில் பிடித்தபடி பல்புக்கு அடியில் குனிந்தார். ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு இரண்டையும் திருப்பி, பின்பக்கக் காகிதத்தில் கம்பெனிக்காரர்கள் அச்சடித்திருந்த நிற எண்ணைப் படித்தார். ஒன்றை மாஸ்டரிடம் கொடுத்தார்.

"அப்ப உங்களுக்கும் தெரியலையா?" என்றார் மாஸ்டர்.

"தெரியல, மாஸ்டர்."

ஒரு நிறத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். மாஸ்டர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பட்டன் அக்கா போன நாளிலிருந்து நாங்கள் யாரும் பார்க்காத அழுகையை அப்போதுதான் அழுதார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போகவில்லை. மேசையில் தான் சொட்டிய தண்ணீரைத் துடைக்கத் துணி தேடி, அங்கே எல்லாமே வெள்ளையாக இருந்ததால், கையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.